யானையின் இதயத்தைத் திறந்து பார்த்தவர்: கொழும்பில் பேராசிரியர் ஒஸ்மன் ஹில்

கொட்டாஞ்சேனையில் ரியூசன் வகுப்பு நடத்திய காலத்தில், உயர்தர மாணவர்களுக்கு இதயம் படிப்பிக்கும் வாரம் வந்தால் காலை ஆறு மணிக்கே இறைச்சிக் கடைக்குப் போய்விடுவேன். பிந்தினால் ஈரலோடு சேர்த்து இதயத்தையும் யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு ஆட்டிதயங்கள் வாங்குவேன். பெருநாடியை ஒட்ட வெட்டாமல் நீளமாக விட்டுத் தரும்படி கேட்பேன். சேருக்கு இறைச்சியை விடக் குழாயில்தான் ஆசை என்று கடைக்காரர் பகிடி பண்ணுவார். உண்மையும் அதுதான்.

அது 2011. முகாமிலிருந்து வெளியே வந்து, உறவினர் ஒருவரின் தயவில் கிடைத்த அறையில் தங்கி, தெரிந்த ஒரே தொழிலைத் திரும்பத் தொடங்கியிருந்தேன். வகுப்பில் பதினொரு பிள்ளைகள். நாலு பேர் வன்னியிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி, இடப்பெயர்வில் இரண்டு வருடப் படிப்பை இழந்தவள், ஆட்டிதயத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் உள்ள படம் பிழை என்றாள்.

அவள் சொன்னதை முதலில் விளக்கிவிடுகிறேன். இதயம் உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்பினாலும், தன் அறைகளுக்குள் நிறைந்திருக்கும் இரத்தத்தால் தன் தசையை வளர்ப்பதில்லை. பெருநாடி தொடங்கும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, வலதும் இடதுமாக இரண்டு சிறு நாடிகள் பிரிகின்றன. இவைதான் முடியுருநாடிகள். ஒரு முடியைப் போல இதயத்தைச் சுற்றி வளைந்து, கிளைவிட்டு, தசைக்குள் இறங்குகின்றன. எங்களுடைய பாடப்புத்தகப் படம் மனித இதயத்தைப் பார்த்து வரையப்பட்டது. அதில் இதயத்தின் பின்புறப் பள்ளத்தில் இறங்கும் கிளை வலது நாடியிலிருந்து வருகிறது. அந்தப் பிள்ளையோ ஈர்க்கு ஒன்றை இடது நாடிக்குள் மெல்லச் செலுத்திப் பார்த்திருக்கிறாள். ஈர்க்கு நின்ற இடத்திலிருந்து கொழுப்பை நகத்தால் கீறிக்கொண்டே போனால், இடது நாடி இதயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பள்ளத்திலும் தானே இறங்குகிறது. வலது நாடி மெலிந்து பாதியில் முடிந்துவிடுகிறது.

பெருநாடியின் வளைவிலும் வித்தியாசம் இருந்தது. படத்தில் மூன்று கிளைகள். கையில் இருந்த ஆட்டிதயத்தில் ஒரே ஒரு தடித்த அடிமரம்.

இருபத்தைந்து வருடம் விலங்கியல் படிப்பித்தவன் நான். வருடா வருடம் ஆட்டிதயத்தை வெட்டியிருக்கிறேன். ஆனால் புத்தகத்தில் உள்ளதைத்தான் அதில் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐம்பதுகளில் கொழும்பில் மருத்துவம் படித்தவர். இப்போது அவர் இல்லை. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் பத்திரிகை வாசிக்க வரும்போது பழக்கமானவர். அவரிடம் கேட்டேன். ஆட்டுக்கு அப்படித்தான், மாட்டுக்கும் அப்படித்தான், நாய்க்கும் அப்படித்தான் என்றார். பன்றிக்கும் குதிரைக்கும் வலது நாடிதான் பின்னால் இறங்கும். மனிதரில் 100 பேரை எடுத்தால் 80 பேரளவில் வலது, மிகுதிப் பேரில் இடது அல்லது இரண்டும். இதையெல்லாம் தன் ஆசிரியர்கள் ஹில்லிடம் கற்றார்கள் என்று சொல்லி நிறுத்தினார். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். பிறகு வருடக்கணக்காகத் தேடி வாசித்ததில் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வில்லியம் சார்ள்ஸ் ஒஸ்மன் ஹில் 1901இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் பிறந்தார். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் படித்து, அங்கேயே உடற்கூற்றியல் கற்பிக்கத் தொடங்கினார். நோயாளரைப் பார்த்துச் சம்பாதிக்கும் வழியை அவர் எடுக்கவில்லை. 1930இல், முப்பது வயதுக்கும் முன்பே, கொழும்பில் இருந்த இலங்கை மருத்துவக் கல்லூரிக்கு உடற்கூற்றியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். 1870இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரிதான் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் மருத்துவபீடமானது. கின்சி வீதியால் போகிறவர்கள் அதன் பழைய கட்டடங்களை இன்றும் காணலாம்.

சிறு வயதில் பெரிய பதவி கிடைத்து காலனிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பலர், பதவிக்காலம் முடியும்வரை நாட்களை எண்ணிக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்கள். ஹில் அந்த வகை இல்லை. இலங்கை அவருக்கு ஒரு பெரிய ஆய்வுகூடமாகத் தெரிந்தது. வீட்டிலேயே விலங்குகளை வளர்த்தார். கிளிகள், கொக்கட்டூக்கள், நட்சத்திர ஆமைகள், கீரிகள், பலவகைக் குரங்குகள் என்று அது ஒரு சிறு மிருகக்காட்சிசாலையாகவே வளர்ந்தது. உயிரோடு இருக்கும்போது அவற்றின் நடத்தையைப் பார்ப்பார். இறந்தபின் அறுத்து உள்ளே பார்ப்பார். கேட்கும்போது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மிருகம் எப்படி நடந்தது, எதைத் தின்றது என்று தெரிந்தவன் அதன் நாடியைப் பார்ப்பதற்கும், போத்தலில் வந்த உடலை மட்டும் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதயத்தோடு சம்பந்தப்பட்ட அவருடைய வேலைகளில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது யானை பற்றியது. 1938இல் அவர் ஆசிய யானையின் சிசு ஒன்றின் இதயத்தையும், அதிலிருந்து புறப்படும் பெரிய குழாய்களையும் ஆராய்ந்து, சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ் இதழில் எழுதினார். ஏன் சிசு? வளர்ந்த யானையின் இதயம் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். வெப்பநாட்டில் செத்த யானையை அழுகுமுன் திறந்து, குழாய்களை அறாமல் பிரித்தெடுப்பது இலேசான வேலையல்ல. சிசுவில் எல்லாமே சிறிதாக, முழுதாக, ஒரு மேசையில் அடங்கும்.

யானையின் இதயம் எங்களுடையதைப் போலக் கூம்பாக ஒரே நுனியில் முடிவதில்லை. நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். தலையிலிருந்தும் முன்கால்களிலிருந்தும் இரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருநாளம் மனிதருக்கு ஒன்று. யானைக்கு வலதும் இடதுமாக இரண்டு. மனித சிசுவுக்கும் தாயின் வயிற்றில் ஒரு கட்டத்தில் இரண்டு இருக்கும். பிறகு இடதுபக்கத்தது சுருங்கி, இதயத்தின் சொந்த நாளங்கள் வந்து சேரும் ஒரு சிறு வாய்க்காலாக மட்டும் மிஞ்சும். முயலுக்கும் எலிக்கும் அந்த இடது நாளம் கடைசிவரை அப்படியே இருக்கும். உயர்தரச் செய்முறையில் எலியை வெட்டியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கலாம். எங்கள் இதயத்தில் ஒரு அடையாளமாக மட்டும் எஞ்சியிருப்பது யானையிலும் எலியிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பெரிய மிருகம் சின்ன மிருகம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இப்படிப் பார்ப்பதுதான் ஒப்பீட்டு உடற்கூற்றியல். எது மேல், எது கீழ் என்று கேட்காமல், எது எங்கே போகிறது என்று கேட்பது. பெருநாடி வளைவை மட்டும் எடுத்தாலும் ஆடு, மாடு, குதிரைக்கு ஒரு கிளை, நாய்க்கும் பன்றிக்கும் இரண்டு, மனிதருக்கு மூன்று. குரங்குகளில் பலவற்றுக்கு இரண்டு. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் பெரும்பாலும் எங்களைப் போல மூன்று. முடியுருநாடிகள் எங்களுக்கு இதயத்தின் மேற்பரப்பில், கொழுப்புக்குள் ஓடுகின்றன. எலிக்கு அவை தொடக்கத்திலேயே தசைக்குள் மறைந்துவிடும். அதனால்தான் எலியின் இதயத்தில் எத்தனை தேடினாலும் மாணவர்களுக்கு அந்த நாடி அகப்படுவதில்லை. நான் அவர்களுடைய கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹில்லின் பெயர் எங்கள் காடுகளில் நிலைத்தது வேறொரு விலங்கால். வன்னியில் இருந்தவர்களுக்குத் தேவாங்கைத் தெரியும். மெலிந்த பிள்ளையைப் பார்த்தால் தேவாங்கு மாதிரி இருக்கிறாய் என்று ஏசுவோம். 2008இன் கடைசியில், கிளிநொச்சியை விட்டுக் கிழக்கே போகும் வழியில் ஒரு இரவு மரத்தடியில் படுத்திருந்தபோது, கிளையில் இரண்டு கண்கள் ரோர்ச் வெளிச்சத்தில் செம்மஞ்சளாக எரிந்தன. கூட இருந்த கிழவி ஒருவர் அதைக் கண்டால் கெட்டது என்று வெளிச்சத்தை அணைக்கச் சொன்னார். நாங்கள் வேறு காரணத்துக்காக ஏற்கனவே அணைத்திருந்தோம்.

இலங்கையின் வடக்கில், உலர்ந்த காடுகளில் வாழும் அந்தச் சாம்பல்நிறத் தேவாங்கைத் தனி உபஇனமாக அடையாளம் கண்டு 1933இல் விவரித்தவர் ஒஸ்மன் ஹில். அதற்கு அவர் வைத்த பெயரில் நோர்டிகஸ் என்ற சொல் இருக்கிறது. வடக்கைச் சேர்ந்தது என்று பொருள். 1942இல் ஹோட்டன் சமவெளியின் குளிரில் வாழும், அடர்ந்த மயிருள்ள இன்னொரு தேவாங்கையும் விவரித்தார். அந்த மலைத் தேவாங்கு அதன்பின் பல பத்தாண்டுகள் யாருடைய கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டது என்றே எண்ணப்பட்டது. 2010இல் அதன் முதல் புகைப்படங்கள் வெளிவந்தன.

தேவாங்கின் நாடிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை ஏற்கனவே இருந்தது. 1800இல் அன்ரனி கார்லைல் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர், மெதுவாக நகரும் மிருகங்களின் கைகால்களுக்குப் போகும் நாடி, எங்களுக்குப் போல ஒரே குழாயாகப் போகாமல், கற்றையாகப் பல மெல்லிய குழாய்களாகப் பிரிந்து போவதைக் கண்டு எழுதினார். நடுவில் ஒரு அடிமரம், அதைச் சுற்றி இருபதுக்கு மேற்பட்ட இழைகள். தேவாங்கு ஒரு கிளையைப் பிடித்தால் மணிக்கணக்காக விடாது. ஒரு கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்று பாருங்கள், கை மரத்துவிடும். அந்த மிருகத்துக்கு மரப்பதில்லை. கற்றையாக ஓடும் நாடிகள், தசை இறுகியிருக்கும்போதும் இரத்தம் தடைப்படாமல் போக உதவுகின்றன என்பது ஒரு விளக்கம். உடல் வெப்பத்தைச் சேமிக்க என்பது இன்னொன்று. ஹில் தன் பின்னாளைய பெருநூலின் முதல் தொகுதியை இந்தத் தேவாங்குக் கூட்டத்தோடும் மடகஸ்காரின் லெமூர்களோடும்தான் தொடங்கினார்.

1942 கொழும்புக்கு எப்படிப்பட்ட வருடம் என்பது அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள துறைமுகமும் தாக்கப்பட்டது. நகரம் பாதி காலியானது. சனம் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்கு ஓடியது. அதே வருடத்தில்தான் ஹில் மலைத் தேவாங்கையும், மலைநாட்டுச் செங்குரங்கின் ஒரு உபஇனத்தையும் விவரித்து எழுதியிருக்கிறார். குண்டு விழும் ஊரில் குரங்கின் மயிர் நிறத்தைக் குறித்துக்கொண்டிருந்தவரை நான் குறைவாக நினைக்க மாட்டேன். மல்லாவியிலும் விசுவமடுவிலும் மரத்தடியில் பலகை கட்டிச் சோதனை வினாத்தாள் நடத்தியவர்கள் நாங்கள்.

ஆனால் அதே ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு நெருடலாகவே இருக்கிறது. 1941, 42 காலத்தில் வேடர் சமூகத்தவரின் உடலமைப்பைப் பற்றி நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். தலையின் நீள அகலம், மூக்கு, உயரம் என்று அளந்து எழுதும் முறை அது. அக்காலத்து விஞ்ஞானம் முழுவதும் அப்படித்தான் இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். அவர் ஒருவர் மட்டும் செய்ததுமல்ல. என்றாலும் ஆட்டுக்கும் யானைக்கும் குரங்குக்கும் முன்னால் நின்று எது எப்படி இருக்கிறதோ அதை அப்படியே பார்க்கத் தெரிந்த மனிதர், காடு பறிபோய், வேட்டை பறிபோய் நின்ற மனிதருக்கு முன்னால் நிற்கும்போதும் அதே அளவுகோலைத்தான் எடுத்தார். அவர்களுடைய காணிக்கு என்ன நடந்தது என்பது அந்த அளவுகோலில் வராது. முகாமில் எங்களையும் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து, எண் கொடுத்து, அளந்து பதிந்தார்கள். அதனாலோ என்னவோ அந்த ஆய்வின் அட்டவணைகளை என்னால் நிதானமாக வாசிக்க முடியவில்லை.

இன்னொரு பலவீனமும் அவருக்கு இருந்தது. வேடர் கதைகளில் வரும் நிட்டேவோ என்ற குள்ள மனிதக் கூட்டம் உண்மையில் வாழ்ந்திருக்கலாம் என்று 1945இல் கட்டுரை எழுதினார். பின்னாளில் இமயமலையின் பனிமனிதனுடையது என்று சொல்லப்பட்ட, பங்போச்சே மடாலயத்துக் கையின் விரலெலும்பு அவரிடம் சோதனைக்கு வந்தது. அதிலும் அவர் ஒரு முடிவில் நிற்காமல் தடுமாறினார். அந்த விரல் கடைசியில் லண்டனில் அவர் விட்டுச்சென்ற சேகரிப்புக்குள் கிடந்தது. 2011இல் மரபணுச் சோதனை செய்து, அது சாதாரண மனித விரல்தான் என்று முடித்துவிட்டார்கள். கத்தி கையில் இருக்கும்போது இருந்த கறார் கதை கேட்கும்போது அவரிடம் இருக்கவில்லை.

இலங்கையில் அவர் செய்த வேலையில் கடைசியாக வெளிவந்தவற்றுள் ஒன்று கடற்பசு பற்றியது. இரண்டு கடற்பசுக்களை அறுத்துப் பார்த்த குறிப்புகள் 1945இல் அமெரிக்காவின் முலையூட்டிகள் பற்றிய இதழில் வந்தன. மன்னார்க் கரையில் இருந்தவர்களுக்கு ஆவுளியாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடற்புல்லை மேய்ந்து வாழும் அந்த மிருகம் வலையில் படுவதும் இறைச்சியாவதும் பழைய கதை. இன்று அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு.

கடற்பசுவின் இதயமும் நுனி பிளந்ததுதான். வலது இதயவறைக்கும் இடது இதயவறைக்கும் நடுவே வெளியிலிருந்தே ஆழமான வெட்டு இருக்கும். யானைக்கும் கடற்பசுவுக்கும் ஒரே மூதாதை என்று விஞ்ஞானிகள் சொல்வதற்குள்ள பல சான்றுகளோடு இதுவும் ஒத்துப்போகிறது. மடுவுக்குப் போகும் வழியில் யானைக்குப் பயந்து பஸ்ஸை நிறுத்தியிருக்கிறோம். பேசாலையில் கரைக்கு இழுத்துவந்த ஆவுளியாவைச் சிறுவயதில் சுற்றி நின்று பார்த்திருக்கிறேன். இரண்டும் சொந்தக்காரர் என்று எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. இன்னுமொன்று: கடற்பசுவின் துடுப்புக்குப் போகும் நாடியும், தேவாங்கின் கைக்குப் போவதைப் போல, கற்றையாகப் பிரிந்துதான் போகிறது. மரத்தில் இருப்பதற்கும் கடலில் இருப்பதற்கும் உறவு எதுவுமில்லை. எப்படி ஒரே ஏற்பாடு வந்தது என்பது இன்றைக்கும் பேசப்படும் விடயம்.

1945இல் ஹில் இலங்கையை விட்டுப் போனார். அவர் வளர்த்த விலங்குகளில் ஒரு பகுதி லண்டன் மிருகக்காட்சிசாலைக்கும் ஒரு பகுதி தெகிவளைக்கும் பிரிந்தன. தெகிவளை மிருகக்காட்சிசாலையை அரசாங்கம் 1936இல் பொறுப்பேற்றிருந்தது. வெள்ளவத்தையில் இருந்து கால்நடையாகவே போகலாம். என் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் குரங்குக் கூடுகளுக்கு முன்னால் நான் தேவைக்கு அதிகமாக நிற்பதாக மகள் சொல்வாள்.

மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம். 1950 முதல் 1962 வரை லண்டன் விலங்கியல் சங்கத்தில், காட்சிசாலையில் இறக்கும் விலங்குகளை அறுத்து ஆராயும் பொறுப்பு. பிறகு அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள யேர்க்ஸ் குரங்கின ஆய்வு நிலையம். 1969இல் ஓய்வு. 1975இல் இங்கிலாந்தில் மரணம். இடையில் 1953 தொடங்கி 1974 வரை, குரங்கினங்களின் ஒப்பீட்டு உடற்கூற்றியல் பற்றி எட்டுப் பெருந்தொகுதிகள். ஒவ்வொரு இனத்துக்கும் தசை, எலும்பு, நாடி, நாளம், நரம்பு என்று ஒன்றும் விடாமல். படங்களில் பல அவருடைய மனைவி இவொன் வரைந்தவை. அவர் சேர்த்த மாதிரிகள் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குப் போயின. அந்த அருங்காட்சியகம் 1941இல் ஜேர்மன் குண்டுவீச்சில் தன் சேகரிப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்திருந்தது. இழந்த இடத்தை நிரப்ப யாராவது இருபது வருடம் உட்கார்ந்து அறுக்கவும் எழுதவும் வேண்டியிருந்தது. நூலகம் எரிந்த ஊரில் இருந்து வந்தவனுக்கு அந்தக் கணக்கு விளங்கும்.

இதைத் தமிழில் படிக்க வழியில்லை என்பதுதான் என் ஆதங்கம். மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், 1872இலேயே மனுஷ அங்காதிபாதம் என்று பெரிய உடற்கூற்றியல் நூலைத் தமிழில் கொண்டுவந்தார். மனிதனை அறுத்துப் பார்த்த அறிவு 150 வருடத்துக்கு முன்பே எங்கள் மொழியில் இருந்தது. எங்கள் காட்டுத் தேவாங்கையும் எங்கள் கடலின் ஆவுளியாவையும் அறுத்துப் பார்த்த அறிவு இன்னும் வரவில்லை.

2019இல் எனக்கு நெஞ்சுவலி வந்தது. வெள்ளவத்தைச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோது இடது தோளில் பாரம் ஏறியது போல இருந்தது. அஞ்சியோகிராம் செய்தார்கள். திரையில் என் முடியுருநாடிகளை நானே பார்த்தேன். வலது நாடி பாதியில் முழுவதாக அடைபட்டிருந்தது. ஆனால் அடைப்புக்கு அப்பால் உள்ள கிளைகள் வெறுமையாக இல்லை. இடது நாடிக்குள் மருந்து ஏற்றியபோது, மெல்லிய நூல் போன்ற குழாய்கள் வழியாக அது சுற்றி வந்து, வலது நாடியின் கிளைகளைக் கீழிருந்து மேலாக நிரப்பியது. அடைப்பு வருடக்கணக்காக மெதுவாக வளர்ந்ததால் அந்தப் பக்கக் குழாய்கள் பெருக்க நேரம் கிடைத்திருக்கிறது என்று இளம் வைத்தியர் விளங்கப்படுத்தினார்.

என் அண்ணர் 2009 மார்ச்சில் மாத்தளனில் பங்கருக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அரை மணித்தியாலம் இருந்தாரோ தெரியாது. காயப்படவில்லை, ஷெல் விழவில்லை. அந்த நாட்களில் அப்படிச் செத்தவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே பத்து வருடமாக, பயத்தில் போய்விட்டார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளவத்தை டொக்டர் ஐயாவிடம் போனேன். அப்போது அவர் நடமாட்டம் குறைந்து கட்டிலில்தான். அண்ணரைப் பற்றிக் கேட்டேன். அவர் மிருகங்களில் இருந்துதான் தொடங்கினார். நாயின் முடியுருநாடிகளுக்கு இடையே பிறப்பிலேயே பக்க இணைப்புகள் இருக்கும். அதனால் ஒரு நாடியைக் கட்டினாலும் தசையில் ஓரளவு தப்பும். கினிப்பன்றிக்கு அந்த இணைப்புகள் இன்னும் அதிகம், ஒரு நாடி அடைபட்டாலும் தசை சாவதில்லை. பன்றிக்கோ மிகக் குறைவு, கட்டினால் அந்த இடம் செத்துவிடும். ஆய்வுகூடத்தில் நாயில் கண்டதை நம்பி மனிதரைப் பற்றி முடிவெடுத்தால் பிழைக்கும், பன்றியை மட்டும் நம்பினாலும் பிழைக்கும். மனிதர் இரண்டுக்கும் நடுவில், அதிலும் ஆளுக்கு ஆள் வேறு. மெல்ல மெல்ல அடைபட்டால் பக்கவழி வளரலாம். நாடிக்குள் படிந்த கொழுப்புத் திட்டு திடீரென்று வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால், வளர நேரமில்லை. உங்கள் அண்ணருக்கு அப்படி நடந்திருக்கலாம், பார்க்காமல் சொல்லக்கூடாது என்று முடித்தார். பயத்தால் செத்தார் என்று இனிச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். ஓய்வில்லாத பயம் இதயத்தைக் கெடுக்கும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது நோய், கோழைத்தனம் அல்ல. இதை நான் அண்ணிக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, மூன்று மாதமாகவே அவருக்குக் கை உளைந்தது, பங்கர் வெட்டிய உளைச்சல் என்று நினைத்தோம் என்றார்.

ஹில்லின் எட்டுத் தொகுதிகளும் குரங்கினங்கள் எல்லாவற்றையும் முடிக்கவில்லை. மனிதக் குரங்குகளும், இலை தின்னும் குரங்குகளும் எழுதப்படாமல் நின்றுவிட்டன. அந்த இலை தின்னும் கூட்டத்தில் ஒன்றுதான் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஊதாமுக மந்தி. கொழும்பில் இருந்த காலத்தில், 1934இல், அதைப் பற்றித் தனி ஆய்வொன்று எழுதியிருந்தார். கடைசி வரைக்கும் வைத்திருந்த ஒன்றுக்கு நாள் போதாமல் போயிற்று. கொழும்பின் புறநகரில், பலாமரம் மிச்சமுள்ள வளவுகளில் அவை இப்போதும் கூரைக்குக் கூரை தாவுகின்றன. ஓடு உடைகிறது என்று சனம் கல்லெறிகிறது.

ஈர்க்கால் நாடியைத் தேடிய அந்தப் பிள்ளை இப்போது வவுனியாவில் விலங்கியல் படிப்பிக்கிறாள். சென்ற மாதம் அழைத்து, ஆட்டிதயத்தில் பெருநாடியை நீளமாக விட்டுத் தரும்படி இறைச்சிக் கடையில் எப்படிக் கேட்பது என்று விசாரித்தாள். முதல்நாளே சொல்லிவைத்து, விடியப் போய்ப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.